கிணற்றுக்குள் வந்த குறவை

எங்கள் வீட்டுக்கு மருமகள் வந்தால், முதல் வெள்ளிக்கிழமை அவள் கையால் கிணற்றில் கெண்டைக் குஞ்சுகளை விடச் சொல்வார்கள். கெண்டை பெருகினால் வம்சம் பெருகும் என்பது அம்மாவின் நம்பிக்கை. தம்பி பெண்டாட்டி விட்ட குஞ்சுகள் நன்றாகத்தான் பெருகின. அவளுக்குத்தான் பிள்ளை இல்லை.

ஓர் ஐப்பசியில் தாமிரபரணி கரை மீறி, எங்கள் கிணற்றையும் மூடிவிட்டு வடிந்தது. அதன்பின் கெண்டைகள் குறையத் தொடங்கின. "பாத்தியா? கிணத்துக்கே அவளைப் பிடிக்கல" என்று சொல்லி, அம்மா தம்பிக்கு நாங்குநேரியில் வேறு பெண் பார்க்க ஆள் அனுப்பினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். என் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. வாய்க்கு மட்டும் குறைவில்லை.

"மீன் குறைஞ்சா மீனைக் கேளுங்க. அவளை என்னத்துக்குக் கரிக்கீங்க?" என்றேன்.

சொன்ன வீம்புக்காகவே மார்கழிக் காலைகளில் கிணற்றடியில் உட்கார்ந்து பார்த்தேன். எங்களுடையது சைவ வீடு. தண்ணீரில் நீந்துவதெல்லாம் எங்களுக்கு ஒரே மீன்தான். பார்க்கப் பார்க்கத்தான் ஒன்று வேறாகத் தெரிந்தது. ஒரு சாண்கூட இருக்காது. பாம்புத் தலை மாதிரி தட்டைத் தலை, உடம்பெல்லாம் கரும்புள்ளி. கல்லிடுக்கில் அசையாமல் கிடக்கும். நடுநடுவே மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டு இறங்கும். ஒருநாள் ஒரு கெண்டை அதன் பக்கம் போனது. அவ்வளவுதான், வால் மட்டும் வாய்க்கு வெளியே துடித்தது. அதன் பெயர் குறவை என்று பால்காரர் பிறகு சொன்னார்.

அம்மாவைக் கூப்பிட்டேன். தம்பி பெண்டாட்டியும் வந்து நின்றாள்.

"இங்கன பாருங்க. வெள்ளத்துல வந்த இதுதான் கெண்டையத் திங்குது. பாவம், அவளைப் போயி..."

அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"சரி, மீனைத் தின்னது மீனுதான். இவ வயித்தை எது தின்னுச்சு?"

அவளை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டு உள்ளே போனாள். பாவி, பெற்றவளா இப்படிப் பேசுவாள்! அந்தக் கோபத்தில் கூடையைக் கயிற்றில் கட்டிக் குறவையை அள்ள இறக்கினேன். அப்போதுதான் அதன் மேலே, கடுகு சிதறினாற்போல ஒரு குஞ்சுக் கூட்டம் தெரிந்தது. கூடையைக் கண்டு கெண்டைகள் ஓடின. குறவை ஓடவில்லை. வந்து கூடையை முட்டியது.

தம்பி பெண்டாட்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுருங்க மதினி. அதை எடுத்துட்டா அதுக எங்க போகும்?"

தை மாதம் தம்பிக்கு மறு கல்யாணம் நடந்தது. வாசலில் புதுப்பெண்ணுக்கு ஆரத்தி எடுத்தது அவள்தான். பொட்டு வைத்து உள்ளே கூட்டிப்போனாள். நான்தான் புறவாசலில் நின்று அழுதேன்.