ஜெபசீலன் பின்னிய சடை

பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் ஜெபசீலன் குமாஸ்தாவாக இருந்தான். மெலிந்த உடம்பு, அதைவிட மெலிந்த குரல். யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுவான் என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அப்படி நினைத்து ஏமாந்தவர்கள் அந்த அலுவலகத்தில் அநேகம் பேர். ஒன்று கூடாது என்று மனதில் பட்டுவிட்டால், அதிகாரி குதித்தாலும் சரி, மேசையைத் தட்டினாலும் சரி, மெல்லச் சிரித்தபடி நிற்பான், நகரமாட்டான். "சவம், இந்தாளுகிட்ட பேசுததுக்குச் செவத்துல முட்டிக்கிடலாம்" என்பதுதான் அங்கே அவனுக்குக் கிடைத்திருந்த நற்சாட்சிப் பத்திரம்.

1994 ஜூனில், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், அவன் மனைவி எலிசபெத் மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள். மகன் ஜோஷுவாவுக்கு ஆறு வயது, மகள் ரீபாவுக்கு நாலு. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய கையோடு சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பிள்ளைகளைப் பங்கு வைக்கத் தொடங்கிவிட்டார்கள். துக்க வீட்டில் அக்கறை பொங்குவது எங்கும் உள்ளதுதான். இரண்டு வாரம் போனால் தானாக வடிந்துவிடும். ஆனால் எலிசபெத்தின் அக்கா சாரம்மாளுடைய அக்கறை வடிகிற ரகம் இல்லை. அவளைக் கொற்கையில் கட்டிக்கொடுத்திருந்தது. வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்தாள். பிள்ளை இல்லை. தாய் இல்லாத வீட்டில் தங்கைக்குத் தலைசீவி, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியவள் அவள்தான்.

"தம்பி, பையன் ஒங்ககூட இருக்கட்டும். பொட்டப்பிள்ளய நான் கொண்டுட்டுப் போறேன். ஆம்பள ஒத்தையில நின்னு பொட்டப்பிள்ள வளக்க முடியுமா? ஒரு தலை பின்னத் தெரியுமா ஒங்களுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

தெரியாதுதான். ஜெபசீலன் பொய் சொல்லவில்லை.

"ஒரு வருசம் டைம் தாங்க மைனி. அடுத்த மே லீவுக்கு ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு ஒங்க வீட்டுக்கே வாரேன். அப்பம் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றான். ரீபா ஒன்றாம் வகுப்பில் சேரவேண்டியது அடுத்த ஜூனில்தான். அதனால் சாரம்மாள் சரி என்றாள். சொன்னாளே தவிர, அவன் தோற்றுப்போய் வந்து நிற்பான் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை.

சோறு வடிக்கப் பழகிக்கொண்டான். குழம்பு ஒருமாதிரி வாய்க்கு வந்தது. துணி துவைப்பது பெரிய வித்தை இல்லை. தலைமுடிதான் அவனைப் பாடாய்ப் படுத்தியது. ரீபாவுக்கு அவள் அம்மாவின் முடி. அடர்த்தி, சுருட்டை, கையில் நில் என்றால் நிற்காது. காலையில் பால்வாடிக்குப் போக அவன் பின்னிவிட்ட சடை தெருமுனை தாண்டும் முன்பே பிரிந்துபோகும். மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று அவள் அழுதுகொண்டு வருவாள்.

கடைசியில், அலுவலகத்து டைப்பிஸ்ட் உலகம்மாளிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டான். உலகம்மாள் சிரிக்கவில்லை. கோப்பு கட்டுகிற டேக் கயிறு மூன்றை எடுத்து மேசை இழுப்பறையின் கைப்பிடியில் முடிந்தாள்.

"இது மூணும் மூணு பிரி, சார். ஓரத்துப் பிரி நடுவுக்கு வரணும். அடுத்தால மத்த ஓரம். கைய மட்டும் தளர விட்டுராதிய. விட்டிய, எல்லாம் போச்சு."

அன்றிலிருந்து மத்தியான இடைவேளையில் மற்றவர்கள் சீட்டுக்கட்டைப் பிரிக்க, ஜெபசீலன் டேக்கைப் பின்னிக்கொண்டிருப்பான். பின்னியதை அவிழ்க்க மறந்துபோய் அப்படியே கோப்பில் கட்டிவிடுவதும் உண்டு. அப்படி ஒன்று மேலிடம் வரைக்கும் போய், "யாருவே இது, கோப்புக்குச் சடை போட்டு அனுப்பியிருக்கது?" என்று அங்கிருந்து ஆள் விட்டுக் கேட்டுவிட்டார்கள். அலுவலகமே சிரித்தது. ஜெபசீலன் சிரித்துக்கொண்டே அடுத்த மூன்று டேக்கை எடுத்தான்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ரீபா இரட்டைச் சடை மடித்துக் கட்டிப் போனாள். அவிழவில்லை. ஆனாலும் ஒன்று. தலை பின்னும்போது வாசல் கதவைச் சாத்திவிடுவான். பக்கத்து வீட்டு ஆண்கள் பார்த்துவிடக்கூடாதே என்ற கூச்சம் மட்டும் அவனைவிட்டுப் போகவில்லை.

மே மாதம் வந்தது. சொன்ன சொல்படி புறப்பட்டான்.

முதலில் அம்பாசமுத்திரம். அங்கே எலிசபெத்தின் அண்ணன் தேவசகாயம் உரக்கடை வைத்திருந்தார். அவர் மனைவி டெய்சி, இரண்டு பெண்பிள்ளைகள். காலையில் ஆற்றுக்குப் போனால் பிள்ளைகள் நாலு பேரும் கண் சிவக்கும் வரை கரையேறமாட்டார்கள். பகலெல்லாம் நுங்கு. ராத்திரி நாலு தலையும் ஒரே பாயில். அந்த ஒரே பாய்தான் வினையாகப் போயிற்று. மூன்றாம் நாள் ரீபா தலையைச் சொறிந்துகொண்டே எழுந்தாள். ஜெபசீலன் வகிடு எடுத்துப் பார்த்தான். பேன்!

டெய்சிக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை.

"லீவுன்னா பேன் இல்லாமயா? தம்பி, பேசாம கிராப்பு வெட்டி விட்டுருங்க. ஆம்பள ஆளுக்கு அதான் லேசு" என்றாள்.

"வேண்டாம்க்கா."

"ஏன், முடி என்ன வளராமலா போயிரும்?"

வளரும். ஆனால் வெட்டிய தலையோடு கொற்கையில் போய் இறங்கினால் சாரம்மாள் ஒரு கேள்வியும் கேட்கவேண்டியதில்லை. ஒரு வருஷம் அவன் பட்ட பாடெல்லாம் நாவிதர் கடைத் தரையில் கிடக்கும். அதுவும் போக, சடை வேண்டும் என்று ஆசைப்பட்டவள் ரீபா. தன் கைக்கு லேசு என்பதற்காகப் பிள்ளையின் தலையில் கத்திரி வைப்பதா?

தேவசகாயம் கடையிலிருந்து வந்தவர் வேறு யோசனை சொன்னார். "மாப்ள, அக்கா முடிவு பண்ணிட்டா. ரீபாவுக்கு அந்த ஊரு பள்ளிக்கூடத்து யூனிபாரம் வரைக்கும் தச்சு வச்சாச்சாம். நீரு ஏன் போய்த் தலையக் குடுக்கீரு? பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஒரு கார்டு போட்டுட்டு ஊரப் பாத்துப் போவும்."

யூனிபாரம் என்றதும் ஜெபசீலன் பயந்துபோனான் என்றே சொல்லலாம். இருந்தாலும் மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"வாரேன்னு சொல்லியாச்சு, அத்தான். அவுக எலிசபெத்தோட அக்கா. பிள்ளைங்க அங்க போவாம இருக்கக் கூடாது. போவேன். ரெண்டு பேரையும் திருப்பிக் கூட்டிக்கிட்டும் வருவேன்."

கடைத்தெருவில் பேன்சீப்பும் வேப்பெண்ணெயும் வசம்பும் வாங்கினான். வசம்பை அரைத்துப் பூசி, ஆற்றுப் படித்துறையில் ரீபாவை உட்காரவைத்து, முடியைப் பிரிபிரியாகப் பிரித்து இழுத்தான். குளிக்க வந்த பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். மறுநாள் டெய்சியின் பிள்ளைகள் இரண்டும், "மாமா, எங்களுக்கும்" என்று வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டன. மூன்று தலையையும் சுத்தம் பண்ணி முடித்தபோது அவன் கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. எடுத்தாயிற்று என்று அவனுக்கு நம்பிக்கை. முழு நம்பிக்கை என்று சொல்வதற்கில்லை.

கொற்கைக்குப் புறப்பட்ட அன்று ரீபாவுக்கு ஒற்றைச் சடை பின்னி, நுனியில் சிவப்பு ரிப்பன் கட்டினான். திருநெல்வேலியில் பஸ் மாறி, ஏரல் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் ஜோஷுவாவுக்குப் பொழுது போகவில்லை. தங்கையின் சடையைக் கடிவாளமாகப் பிடித்துக் குதிரை ஓட்டினான். ரிப்பன் அவிழ்ந்தது, காற்றில் பறந்தது, வாழைத்தோட்டத்துக்குள் எங்கோ போய் விழுந்தது. சடை முக்கால்வாசி பிரிந்துவிட்டது. ரீபா பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி ஓலமிட்டாள்.

"ஏலே, ஒனக்கு இருக்கு" என்று மகனை ஒரு முறை முறைத்துவிட்டு, ஜெபசீலன் சுற்றிலும் பார்த்தான். பஸ் நிறைய ஆட்கள். சாத்துவதற்குக் கதவு இல்லை. இந்தக் கோலத்தில் போய் இறங்கவும் முடியாது. மகளை முழங்காலுக்கு நடுவே நிறுத்தி, சீப்பை எடுத்து, பின்னத் தொடங்கினான்.

எதிர் இருக்கையில் இருந்த வியாபாரி ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன அண்ணாச்சி, ஒம்ம கையில சீப்பக் குடுத்துட்டு வீட்டம்மா ஒய்யாரமா இருக்காகளாக்கும்?"

"அவ இறந்துட்டா, அண்ணாச்சி" என்றான் ஜெபசீலன், கையைத் தளர விடாமல்.

அந்த மனுஷர் முகம் செத்துப்போயிற்று. பின்னாலிருந்து ஒரு பெண் கை நீட்டி, தன் கொண்டையிலிருந்த பிச்சிப்பூவில் ஒரு துண்டு கிள்ளி, "இதையும் வச்சு விடுங்க" என்றாள். ரிப்பனுக்கு என்ன செய்வது என்று சட்டைப்பையைத் துழாவினான். அலுவலகத்து டேக் ஒன்று பச்சை நிறத்தில் கிடந்தது. அதைக் கொண்டே நுனியை முடிந்தான். இத்தனை நாள் கதவைச் சாத்திக்கொண்டது எதற்காக என்று நினைத்தபோது அவனுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது.

சாரம்மாளின் கணவர் பாக்கியசீலன் ஏரலுக்கே வந்து காத்திருந்து அழைத்துப்போனார். வீட்டு முன்னறையில் தையல் மெஷின். அதற்கு மேலே ஆணியில் நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் தொங்கின. ரீபாவின் அளவு. ஜெபசீலன் அதைப் பார்த்தான். அவன் பார்த்ததைச் சாரம்மாளும் பார்த்தாள். ஜோஷுவா மட்டும் வாயைத் திறந்து, "பெரியம்மா, எனக்கு?" என்று கேட்டான்.

"மைனி, அம்பாசமுத்திரத்துல பிள்ளைக்குப் பேன் பிடிச்சிட்டு. எடுத்திருக்கேன். நீங்களும் ஒருக்கப் பாத்திருங்க" என்று ஜெபசீலனே சொல்லிவிட்டான். மறைத்து வாங்கிக் கட்டிக்கொள்வதைவிட இது மேல்.

"பாக்கத்தான போறேன்" என்றாள் சாரம்மாள்.

மறுநாள் காலையில் முற்றத்தில் வெள்ளை வேட்டியை விரித்து, ரீபாவைக் குனியவைத்து உட்காரவைத்தாள். நுனியில் இருந்த டேக்கை அவிழ்த்துக் கையில் பிடித்து, "இது என்ன கூத்து?" என்றாள். ஜெபசீலன் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னான். சாரம்மாள் சீப்பை எடுத்தாள். வேலிக்கு அப்பால் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். கடல் எப்போதோ விட்டுப்போன வயலில் பொறுக்கிய சங்கையும் சிப்பியையும் ஜோஷுவா ஓர் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தான். ஜெபசீலன் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி சுவரில் சாய்ந்து நின்றான்.

இழுத்தாள், இழுத்தாள். வேட்டி வெள்ளையாகவே இருந்தது. கடைசியில் காதோரத்தில் ஒன்று அகப்பட்டது. நகத்தில் வைத்து நீட்டினாள். "இது என்ன தம்பி?"

"அது எனக்குத் தப்பிச்சிட்டு, மைனி."

வேலிப்பக்கம் யாரோ சிரித்தார்கள். சாரம்மாள் சிரிக்கவில்லை. சீப்பை அவன் கையில் வைத்தாள். "பின்னுங்க. நான் பாக்கணும்."

எல்லாக் கண்களும் அவன் கைமேல் இருந்தன. ஜெபசீலன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மகளை முன்னால் இருத்திக்கொண்டான். பிடரி வரைக்கும் வகிடு எடுத்தான். இந்தப் பக்கம் மூன்று பிரி, அந்தப் பக்கம் மூன்று பிரி. "அப்பா, இந்தப் பக்கம் தூக்கிக்கிட்டு இருக்கு" என்று ரீபா அதிகாரம் பண்ணினாள். அவிழ்த்துத் திரும்பப் பின்னினான். மடித்துக் கட்டி முடித்ததும் சாரம்மாள் கிட்டே வந்து சடையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

அவள் கண் நிறைந்துவிட்டது. "எலிசபெத்துக்கு நான் பின்னினா வலிக்கு வலிக்குன்னு அழுவா. இவ அழலியே."

"மொதல்ல இவளும் அழுதா, மைனி. நானும் அழுதேன்" என்றான் ஜெபசீலன்.

சாரம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்பம் எனக்குன்னு யாரு இருக்கா, தம்பி?"

ஒரு வருஷமாக அவளை எதிர்க்கட்சியாகவே நினைத்திருந்தவனுக்கு, அவளுக்கும் ஒருத்தி செத்துப்போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் மகள்மேல் இருந்த கையைத் தளர விடவில்லை.

"எல்லா லீவுக்கும் வருவோம். நீங்க கதவச் சாத்தினாலும் வெளிய நின்னு தட்டுவோம். ஆனா லீவு முடிஞ்சா ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன், மைனி. அண்ணனையும் தங்கச்சியையும் நான் பிரிக்க மாட்டேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். அதன்பின் இரண்டு நாள் பிள்ளைகளோடு மட்டும் பேசினாள். மீன் குழம்பு வைத்தாள், பதநீர் வாங்கிக் கொடுத்தாள். அவனிடம் மட்டும் முகம் கொடுக்கவில்லை. நீலப் பாவாடை ஆணியிலேயே தொங்கியது. பாக்கியசீலன், "பைய சரியாயிருவா, சகல" என்றார். அவர் குரலில் தெம்பு இல்லை.

புறப்படுகிற அன்று காலையில் ஜெபசீலன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தபோது ஆணி வெறுமையாக இருந்தது. ரீபாவுக்கு உடுத்திவிட எடுத்துவிட்டாளோ என்று பயந்து, இரண்டு பிள்ளைகளின் கையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சாரம்மாள் மெஷின் முன்னால் பிளேடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பாவாடை. இடுப்புத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

நிமிராமலே கேட்டாள். "ஒங்க ஊரு பள்ளிக்கூடத்துல பாவாடை என்ன கலரு, தம்பி?"

ஜெபசீலன் தோளிலிருந்து பையை இறக்கினான். "மெரூன், மைனி."

"தொறக்கதுக்கு முந்தி நானே கொண்டாந்து தாரேன்."

எழுந்துவந்து ரீபாவின் தோளையும் இடுப்பையும் டேப்பால் இன்னொரு தடவை அளந்தாள். பிறகு ஜோஷுவா பக்கம் திரும்பி, "ஏலே, நீயும் இங்கன வந்து நில்லு" என்றாள்.