வெள்ளையாகவே வந்த துணி

முதல் நாள் துணி சிவப்பாக வந்ததைப் பார்த்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேய்த்த பனியன் துண்டு முழுக்கக் காரின் நிறம். காரையே உரித்துத் தொலைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

புதிதாக வாங்கியபோது அது நல்ல சிவப்பு. எங்கள் ஊர் கிள்ளான் வெயிலில் நின்று நின்று வெளுத்துப்போய், விரலால் தொட்டால் மாவு ஒட்டும். "பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார் என் கணவர். பாலிஷ் கடையில் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, நானே தேய்க்கிறேன் என்று ஹார்ட்வேர் கடையில் ஒரு டப்பா பாலிஷ் பசை வாங்கி வந்தேன். அவருக்கு ஒரே சிரிப்பு. ஓட்டத் தெரியாதவளுக்குக் கார்மேல் என்ன ஆசை என்று வேறு கேட்டார்.

எனக்கு ஓட்டத் தெரியும். பதினெட்டு வருஷத்துக்கு முன் இதே காரைப் பின்னால் எடுக்கும்போது எங்கள் கேட் தூணில் இடித்துவிட்டேன். பம்பர் நசுங்கியது. அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஆன்டி வாசலுக்கே வந்துவிட்டார். நசுங்கலையும் அவர் சரிசெய்யவில்லை. பார்த்தால் எனக்கு ஞாபகம் வரட்டுமாம். அதன் பிறகு சாவிமேல் கை வைத்தாலே, "வேணாம் லா, இடிச்சிடுவே" என்பார். நானும் கொஞ்ச நாளில் கேட்பதை விட்டேன். வேலைக்கு பஸ்ஸில் போனேன். பத்துமலைக் கோயிலுக்குப் போவதும் அவருக்கு மனசு வந்தால்தான். லைசென்சை மட்டும் விடாமல் புதுப்பித்து வந்தேன். எதற்கு இந்த வீண் செலவு என்று கேட்பார். எனக்கே தெரியாது, என்ன பதில் சொல்ல?

சிவப்புத் துணியோடு தம்பிக்குப் போன் போட்டேன். சுங்கை பூலோவில் காருக்கு பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறான்.

"பயப்படாதேக்கா. பழைய பெயின்ட் அப்படித்தான். மேல செத்துப்போனது துணியில வந்துடும், உள்ள நல்ல சிவப்பு இருக்கும். ஓரத்துல மட்டும் அழுத்தாதே, அங்க மெலிசு." போனை வைக்கப்போன நேரத்தில், "இடது பக்கம் பின்கதவை விட்டுடு. அது நல்லாதானே இருக்கு" என்றான்.

அந்தக் கதவு மட்டும் பளிச்சென்று இருப்பது உண்மைதான். அந்தப் பக்கம் சுவரோர நிழல் என்பார் என் கணவர். நிழலில் நிற்கும் முன்கதவு ஏன் வெளுத்தது என்று நானும் கேட்டதில்லை.

மூன்று நாள் தேய்த்தேன். தோள்பட்டை விட்டுப்போனது. ஆனால் உள்ளேயிருந்து அந்தச் சிவப்பு கிளம்பியதே! வாங்கிய அன்று டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டிவந்த அதே கார். நம்பவே முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை அவர் ரொட்டி சானாய் வாங்கப் போயிருந்தார். பசை மிச்சமிருந்தது, ஒரு கதவை மட்டும் விடுவானேன் என்று அந்தப் பின்கதவையும் தேய்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. அழுத்தித் தேய்த்தும் வெள்ளைதான். முன்கதவில் ஒரு தடவை இழுத்தேன், சிவப்பு வந்தது. மறுபடி பின்கதவு, வெள்ளை.

தம்பிக்கு மறுபடி போன் போட்டுக் கேட்டேன்.

"பெயின்ட்டுக்கு மேல கிளியர்னு நிறமில்லாத வார்னிஷ் அடிச்சிருந்தா கலர் வராதுக்கா."

"இந்தக் கதவுல மட்டும் யாரு அடிச்சா?"

"நான்தான். அத்தான் பார்க்கிங் தூண்ல நல்லா இடிச்சிட்டாரு. அப்ப நீ இடிச்சு ஒரு மாசம்கூட ஆகல. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

கார் நிறுத்தும் போர்ச் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரேக் கோளாறு என்று இரண்டு நாள் கார் வீட்டில் இல்லாமல் இருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இடித்தது போகட்டும், யார்தான் இடிக்கவில்லை? இடித்த கையோடு வீட்டுக்கு வந்து, பதினெட்டு வருஷம் என் கையிலிருந்து சாவியை வாங்கி வைத்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கூடப்பிறந்தவனும் அல்லவா வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான்.

அவர் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தார். என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என் கையிலிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார்.

"சொல்லிட்டானா?"

துணியை விரித்துக் காட்டினேன்.

"உன்னை அந்தக் கத்து கத்திட்டு, நான் எப்படி வந்து சொல்றது?"

"அடுத்த மாசம் சொல்லியிருக்கலாம். அதுக்கடுத்த வருஷம் சொல்லியிருக்கலாம்."

நான் கை கழுவிக்கொண்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தேன்.

"எங்க போறே?"

"சுங்கை பூலோவுக்கு. அவன் மூஞ்சியைப் பார்க்கணும்."

"இரு, நான் ஓட்டுறேன்" என்று கை நீட்டினார்.

"வேணாம் லா, இடிச்சிடுவீங்க."

அவர் இடது பக்கம் ஏறி, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். நான் காரைப் பின்னால் எடுத்தேன். கேட் தூணைத் தாண்டும்வரை நான் மூச்சு விடவில்லை. அவரும் விடவில்லை.