ஏலத்தில் வந்த பியட்டும் என் ரப்பர் ஸ்டாம்பும்

1. மாலையோடு இறங்கிய வண்டி

மாலை போட்ட பழைய வண்டி ஒன்று டிரெய்லரில் வந்து ஷெட் வாசலில் இறங்கினால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். ஓடாத வண்டிக்கு எதற்கு மாலை? சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பழத்தை நசுக்கக்கூட அந்த வண்டியால் சொந்தமாக நகர முடியவில்லை. நாலு பேர் தள்ளி நசுக்கினார்கள்.

திருவிடைமருதூர் ரோட்டில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஷெட் வைத்திருந்தேன். போன வருஷம்தான் மூடினேன். மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வந்தது இந்த மெரூன் கலர் பியட். வாங்கியது பிரபு. வலங்கைமான் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் தியாகராஜனின் மகன், சிங்கப்பூரில் வேலை, லீவில் வந்திருந்தான். தியாகராஜனின் டிராக்டரும் ஜீப்பும் என் கையில்தான் ஓடின. அந்த உறவில் பிரபு என்னை மாமா என்பான்.

"மாமா, அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூர்ல வச்சிருக்கோம். இன்னும் மூணு வாரம் இருக்கு. கல்யாணத்தப்ப ரெண்டு பேரும் வாடகை பியட்லதான் வந்தாங்களாம். இப்ப சொந்த பியட்ல கூட்டிட்டுப் போகணும். எஞ்சினை மட்டும் பார்த்து ஸ்டார்ட் பண்ணிக் குடுங்க."

"எங்கே பிடிச்சே இதை?"

"ஆன்லைன் ஏலத்துல மாமா. சால்வேஜ் ஏலம்."

சால்வேஜ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விபத்திலோ வெள்ளத்திலோ மாட்டி, சரி செய்து பிரயோஜனமில்லை என்று இன்சூரன்ஸில் கைகழுவிய வண்டிகளை யார்டில் நிறுத்தி, போட்டோ எடுத்துப் போட்டு ஏலம் விடுவார்கள். ஸ்பேர் பார்ட்ஸ்காரர்களும் பழைய இரும்புக்காரர்களும் வாங்குவார்கள். அது ஒழுங்கான தொழில்தான். ஆனால் அதே யார்டிலிருந்து ஒருத்தன் வாங்கி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து, 'வின்டேஜ்' என்று பேர் வைத்து மறுபடி அதே ஏலத்தில் விடுகிறானே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

"நேர்ல போய்ப் பார்த்தியா?"

பிரபு நெளிந்தான். "இன்ஸ்பெக்‌ஷனுக்கு ரெண்டு நாள் குடுத்திருந்தான் மாமா. ஒன்னு அஷ்டமி, மறுநாள் நவமி. அந்த நாள்ல வண்டி பார்க்கப் போகக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. ஏலம் மட்டும் நல்ல ஓரை பார்த்துதான் கேட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். வண்டியின் அடிவயிற்றைப் பார்க்க இருந்ததே அந்த இரண்டு நாள்தான். அந்த இரண்டையும் விட்டுவிட்டு, ஓரை பார்த்து போனில் பட்டனை அமுக்கியிருக்கிறார்கள். நாள் பார்க்கிற ஊரில் வண்டியைப் பார்க்க ஆளில்லை.

2. திருப்புளி

என் ஷெட்டில் ஒரு வழக்கம். எந்தப் பழைய வண்டி வந்தாலும் பானெட்டைத் திறக்க மாட்டேன். முதலில் வண்டிக்கு அடியில் ஆள் நின்று பார்க்கத் தோண்டிய பிட்டில் இறங்கி, நீளத் திருப்புளியால் அடியில் குத்திப் பார்ப்பேன். எஞ்சின் கெட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். அடி கெட்டால் ஆள் போவான்.

ஃப்ளோரில் குத்தினேன், திருப்புளி உள்ளே போனது. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைப் பாடியோடு பிடித்திருக்கும் ஹேங்கரில் தட்டினேன். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி பெயர்ந்து விழுந்தது. உள்ளே இரும்பு இல்லை. நியூஸ் பேப்பர் இருந்தது. பேப்பரைச் சுருட்டித் திணித்து, மேலே கோழிக்கூண்டு வலையை வைத்து, பட்டி பூசி, கறுப்பு பெயிண்ட் அடித்திருக்கிறான் ஒரு படுபாவி. அந்த ஹேங்கர் ஓடும்போது பிய்ந்தால் பின் ஆக்ஸில் அப்படியே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அதன் பிறகு ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பதும் ஒன்றுதான், விட்டுவிடுவதும் ஒன்றுதான்.

டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் இடத்தைச் சுரண்டினேன். யார்டுகாரர்கள் ஒவ்வொரு ஏலத்துக்கும் மஞ்சள் மார்க்கரில் எழுதும் லாட் நம்பர் இருந்தது. அதன் கீழே அடித்துவிட்ட இன்னொரு லாட் நம்பர். அதற்கும் கீழே மூன்றாவது. பிரபுவுக்கு முன்னால் இரண்டு பேர் இதே வண்டியை வாங்கி, ஏமாந்து, சத்தம் போடாமல் அடுத்தவன் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

3. போனில் பேசியவர்

ஏலக் கம்பெனிக்கு நானே போன் போட்டேன். பேசியவர் மிக மரியாதையாகப் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"சார், டேர்ம்ஸ்ல கிளியரா போட்டிருக்கோம். உள்ளது உள்ளபடி, இருக்கிற இடத்துல. வாங்குறவங்கதான் பார்த்து வாங்கணும்."

"ஏங்க, ஹேங்கருக்குள்ள பேப்பரைத் திணிச்சு வச்சிருக்கு. இதுல ஒரு குடும்பம் ஏறிப் போகப் போகுது. உங்களுக்கு அது புரியுதா?"

"புரியுது சார். ஆனா அது எங்க பொறுப்பு இல்லை. உங்களுக்கு வேண்டாம்னா மறுபடி ஏலத்துல ரீலிஸ்ட் பண்ணிடலாம். இந்த மாடலுக்கு நல்ல டிமாண்ட்."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். உள்ளது உள்ளபடியாம். உள்ளதை மூடி மறைத்துவிட்டு உள்ளபடி என்று சொல்ல எப்படித்தான் நாக்கு வருகிறதோ. மனுஷனா இவனெல்லாம் என்றேன்.

அப்போதுதான் பிரபு சொன்னான். "மாமா, வெல்டு வச்சு, பட்டி போட்டு எப்படியாவது முடிச்சுக் குடுங்க. போய் வர நாலு மணி நேரம்தானே, மெதுவா ஓட்டறேன். உங்களுக்கு பயமா இருந்தா ஜாப் கார்டுல 'ஓனர் ரிஸ்க்'னு ஸ்டாம்ப் போட்டுக்குங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

வண்டிக்கு எது ஆனாலும் ஓனரே பொறுப்பு, ஷெட் இல்லை என்பதுதான் அந்த ஸ்டாம்ப். மேஜை டிராயரில்தான் இருந்தது. எடுக்கக் கை போனது. அப்படியே நின்றுவிட்டது.

4. வீரமணி

அந்த ஸ்டாம்பை நான் எத்தனை வண்டிக்குக் குத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒன்று மட்டும் மறக்காது. குறுவை அறுவடை நேரம். நெல் மூட்டை ஏற்றுகிற வேன் ஒன்று, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கிங் பின் தேய்ந்து, முன் சக்கரம் ஆடிக்கொண்டு வந்தது. கழற்றி மாற்ற இரண்டு நாள் ஆகும் என்றேன். "ரெண்டு நாளா? நெல்லு கொள்முதல் நிலையத்து வாசல்ல கிடக்கு, மழை வந்துடும்யா" என்று ஓனர் குதித்தார். ஸ்டாம்பைக் குத்தினேன். அவர் கையெழுத்துப் போட்டார். டிரைவர் வீரமணி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மூன்றாம் நாள் அரசலாற்றுக் கரையில் சக்கரம் கழன்று வேன் கவிழ்ந்தது. வீரமணிக்கு வலது கால் முழங்காலோடு போனது.

போலீஸ் வந்து கேட்டது. ஸ்டாம்ப் போட்ட ஜாப் கார்டை எடுத்து நீட்டினேன். பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று மத்தியானம் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இதை எழுதவே கூசுகிறது, ஆனால் சாப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது வீரமணி திட்டவில்லை. "கையெழுத்துப் போட்டது ஓனரு, ஸ்டாம்ப் போட்டது நீங்க. என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லலியேண்ணே" என்றான். நான் பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கப்புறமும் பல வருஷம் அதே ஸ்டாம்பைக் குத்திக்கொண்டுதான் இருந்தேன். போனில் பேசிய அந்த ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் சொன்னது ஏலக்காரன் பாஷை, நான் குத்தியது மெக்கானிக் பாஷை.

5. பிட்டுக்குள் மங்கை அம்மா

பிரபுவிடம் சொன்னேன், "ஸ்டாம்ப் கிடையாது. வண்டியில ஏறப்போறது நீ மட்டும் இல்லை. அப்பா அம்மா வந்து பார்க்கட்டும். பார்த்துட்டு அவங்க சொல்லட்டும்."

அவன் முகம் கறுத்துவிட்டது. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியுமாம், அப்பாவுக்குச் சர்ப்ரைஸாம். சர்ப்ரைஸும் ஆச்சு, மண்ணும் ஆச்சு என்று நானே தியாகராஜனுக்குப் போன் போட்டேன்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். தியாகராஜன் அதிகம் பேசாதவர், வண்டியைச் சுற்றி வந்து, உள்ளே இருந்த ஏலப் பேப்பர்களைப் புரட்டினார். அவர் மனைவி மங்கை அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பிட்டுக்குள் இறங்கினார். நான் டார்ச் அடித்தேன். அவர் விரலை ஹேங்கருக்குள் விட்டு, ஈரப் பேப்பரில் ஒரு துண்டை எடுத்து விரித்துப் பார்த்தார்.

"அஷ்டமியில போகாதேன்னு நான்தாண்ணே சொன்னேன்" என்றார்.

பிரபு இடைமறித்தான். "விடும்மா. திருப்பி ஏலத்துலயே போட்டுடலாம். போட்ட காசு வந்துடும்."

"யாரு வாங்குவா?"

"யாரோ வாங்கறான். நமக்கென்ன?"

மங்கை அம்மா பிட்டிலிருந்து மேலே ஏறி வந்தார். "நமக்கென்னன்னா? உன்ன மாதிரி ஒருத்தன்தானேடா வாங்குவான். அவனும் அவங்க அம்மா அப்பாவைத்தானே உக்கார வச்சு ஓட்டுவான். எவனோ உனக்குச் செஞ்சதை நீ இன்னொருத்தனுக்குச் செய்வியா?" என்னைப் பார்த்துத் திரும்பினார். "அண்ணே, இது யாரும் ஓட்ட முடியாதபடி வெட்டிடுங்க."

"அம்மா, வண்டி என் காசு" என்று கத்தினான் பிரபு.

தியாகராஜன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஆர்.சி. என் பேர்ல மாத்தத்தானே ஏலத்தையே என் பேர்ல எடுத்தே. பேப்பர் எல்லாம் என் பேர்ல இருக்கு. காசை அடுத்த அறுவடையில தர்றேன்." ஜாப் கார்டை வாங்கி, 'வெட்டச் சொன்னது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கேஸ் கட்டரைப் பற்றவைத்தேன். இரண்டு ஹேங்கரையும், நடுவில் பாடியையும் வெட்டினேன். சேஸிஸ் நம்பர் இருந்த தகட்டையும் அறுத்தெடுத்து தியாகராஜன் கையில் கொடுத்தேன். நாற்பது வருஷத்தில் நான் கெடுத்துக் கொடுத்த ஒரே வண்டி அதுதான். பிரபு முடிகிற வரைக்கும் நிற்கவில்லை. "நல்லா இருங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தத் தொனியில் அதைச் சொல்லிக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது வாழ்த்து இல்லை.

இப்போது ஷெட் நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கையெழுத்து வாங்கிவிட்டால் உங்கள் பொறுப்பு முடிந்தது என்று உங்களுக்கு வக்கீல் சொல்லலாம், போலீஸ்கூடச் சொல்லலாம். நம்பாதீர்கள். கையெழுத்துப் போடுகிறவன் ஒருத்தன், உள்ளே உட்காருகிறவன் வேறொருத்தன். சொல்ல வேண்டியதை உட்காருகிறவனிடம் சொல்லுங்கள். அவன் காதில் விழாத எச்சரிக்கை, எச்சரிக்கையே இல்லை.

அறுபதாம் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது, பிரபு வைக்கவில்லை, மங்கை அம்மா வைத்தார். அவன் முகத்தைப் பார்க்கத் தயங்கி நான் போகவில்லை. அவன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. தியாகராஜனும் மங்கை அம்மாவும் பஸ்ஸில் திருக்கடையூர் போனார்கள். பஸ்ஸிலேயே வீடு வந்து சேர்ந்தார்கள்.