ஸ்கேட் கத்தியில் சந்தனம்

லா சப்பல் மெத்ரோ படிக்கட்டில் மழைநாளில் வழுக்கி விழுந்து என் இடது கணுக்கால் முறிந்தது. கையில் இருந்த முருங்கைக்காய்ப் பைக்கு ஒரு கீறலும் இல்லை. மாவுக்கட்டுப் பிரித்து, பிசியோவுக்கு அலைந்து, கடைசியில் டாக்டர் இனி எல்லாம் செய்யலாம் என்றபோது நான் கேட்ட முதல் கேள்வி, ஐஸ் ஹாக்கி விளையாடலாமா என்பதுதான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். விளையாடலாம், கால் மறுத்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள் என்றார். வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

சின்ன வயதிலேயே இந்தப் பிரெஞ்சு ஊருக்கு வந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன பனித்தளத்தில் பிடித்த பைத்தியம் அது. சிறுமியர் அணியில் சில வருடங்கள் விளையாடினேன். பிறகு படிப்பு, வேலை, கலியாணம் என்று விட்டுப்போயிற்று. காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சோபாவில் கிடந்த மாதங்களில்தான் ஆசை திரும்பி வந்தது. நடக்க முடியாதவளுக்குச் சறுக்க ஆசை. புறநகரில் ஒரு பனித்தளத்தில், புதிதாகத் தொடங்கும் பெண்களுக்கும் விட்டுப்போன பெண்களுக்கும் ஞாயிறு காலையில் பயிற்சி நடக்கிறது என்று தெரியவந்தது. ஒரேயொரு ஞாயிறு போய்ப் பார்ப்பது என்று எனக்குள் முடிவு செய்தேன். கால் தாங்கினால் விளையாட்டு. தாங்காவிட்டால் இனி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

முன்பு விளையாட்டுக் கழகம் தந்த ஸ்கேட்டில்தான் ஆடினேன். துடைப்பதும் தீட்டுவதும் அவர்கள் பாடு. சொந்தமாக வாங்குவது இதுதான் முதல் தடவை. ஒபர்வில்லியேயில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். கணவரும் வந்தார். அவர் லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறார். பனியைக் கண்டால் உப்புப் போட வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"ஒரு சைஸ் பெரிசா எடும். குளிருக்கு ரெண்டு மேஸ் போடலாம்," என்றார்.

எங்கள் ஆட்களின் சப்பாத்துச் சட்டம் அது. முன்பக்கத்தைப் பெருவிரலால் அமுக்கி, உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் என் அம்மா எனக்கு ஒரு சோடியும் வாங்கியதில்லை.

"இதுக்கு அந்தக் கதை சரிவராதப்பா. பெரிசெண்டால் உள்ளுக்கை கால் ஆடும். கணுக்கால் பிரளும்."

நடக்கிற சப்பாத்தை விடச் சிறிய அளவைத்தான் எடுத்தேன். மேஸ் என்கிற காலுறையும் மெல்லியது ஒன்றுதான். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் மெல்லத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் குதிகால் பின்னால் போய் அசையாமல் உட்கார வேண்டும். அத்தனை வருடம் கழித்தும் அது எனக்கு மறந்திருக்கவில்லை.

அவர் போய் இருப்பதிலேயே மலிவானதைத் தூக்கி வந்தார். கணுக்கால் பக்கத்தை இரண்டு விரலால் அமுக்கினேன், பாண் ரொட்டி மாதிரி உள்ளே போயிற்று. முறிந்து பொருந்திய காலுக்கு அது ஆகாது. விலை கூடியதோ தகரம் மாதிரி விறைப்பு, வாரம் முழுக்க ஆடுகிறவர்களுக்குச் செய்தது. ஆன்லைனில் யாரோ போட்டுக் கழித்த நல்ல சோடி ஒன்றை வாங்க முந்தின வாரம் கிட்டப் போய்க் கடைசியில் கைவிட்டிருந்தேன். அது அடுத்தவள் காலுக்கு வளைந்து கொடுத்த சப்பாத்து, என் காலை அது மதிக்காது. கடைசியில் நடுத்தரமான ஒன்று கிடைத்தது. போன வருடத்து நிறம் என்பதற்காகவே விலை குறைத்திருந்தார்கள்.

"நிறத்திலையோ சறுக்கப் போறீர்? எடும்," என்றார். அதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

கடைக்காரர் ஸ்கேட்டை ஒரு சிறிய மின்னடுப்புக்குள் வைத்துச் சூடாக்கினார். இளகிய சப்பாத்தைப் போட்டுக் கட்டினால் அது காலின் வடிவத்துக்கு வந்துவிடும். எத்தனை டிகிரி என்று கணவர் பிரெஞ்சில் விசாரித்தார். எண்பது என்று பதில் வந்தது.

"எண்பதிலை ஒண்டும் வேகாது," என்று தமிழில் என் காதுக்குள் சொன்னார்.

இளஞ்சூட்டோடு கட்டி எழும்பினேன். பழைய முறிவின் மேல் எங்கும் அழுத்தவில்லை. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். கத்தியைத் தீட்டிக் கொடுத்த கடைக்காரர், இரும்பை ஈரத்தோடு மூடி வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். இருந்த சந்தோசத்தில் அவர் என்ன சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

அது நவராத்திரிக் காலம். சரசுவதி பூசைக்குப் புத்தகம், லாப்டாப், அவருடைய சமையல் கத்தி எல்லாம் வைத்தோம். ஸ்கேட்டை வைப்பதா என்று வழக்கு வந்தது. சப்பாத்தைச் சாமிக்குக் கிட்ட வைக்கலாமா?

"மேலைதான் சப்பாத்து. கீழை ஆயுதம்," என்று தீர்ப்புச் சொன்னார்.

கவிழ்த்து, கத்தி மேலே தெரிய வைத்தோம். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு. காலைப் பற்றிய பயத்தில் இருந்த நான் ஸ்கேட் கத்திக்கு மட்டும் நுனியில் இருந்து அடி வரை சந்தனத்தைக் குழைத்துப் பூசினேன். விசயதசமி கழிந்து எடுத்தபோது அதை வழிக்க மனம் வரவில்லை. ஈரச் சந்தனத்தோடேயே பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடி வைத்தேன்.

ஞாயிறு காலை பனியில் கால் வைத்து இடது காலால் தள்ளினேன். கால் பக்கவாட்டில் ஓடிப்போயிற்று. திரும்பத் தள்ளினேன், திரும்ப ஓடிற்று. வேலிப் பலகையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பயிற்சி தரும் பெண் வந்து, உடம்புக்கு மறந்திருக்கும், பொறுமையாக இருங்கள் என்று முதுகில் தட்டினாள். அவள் அன்பாகச் சொன்னதுதான் தாங்கவில்லை. கதை முடிந்தது என்று வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். கண் கலங்கிவிட்டது.

கணவர் ஜாக்கெட் பைக்குள் கையை விட்டபடி பக்கத்தில் வந்து நின்றார்.

"நோகுதோ?"

"இல்லை. வழுக்குது. நிக்கேலாமல் இருக்கு."

"எந்தக் கால்?"

"ரெண்டும்தான்."

"அப்ப வலது கால் எப்பவாம் முறிஞ்சது?"

நான் அவரைப் பார்த்தேன். பிறகு ஸ்கேட்டைக் கழற்றிக் கவிழ்த்தேன். கத்தியின் விளிம்பு முழுக்கப் பழுப்பாகத் துரு. ஓரத்தில் காய்ந்த சந்தனம். நகத்தை அதன் மேல் இழுத்துப் பார்த்தேன், ஒரு துகள்கூடச் சீவவில்லை. கூரில்லாத கத்தி எப்படிப் பனியைப் பிடிக்கும்? என் கால் ஒரு பிழையும் செய்யவில்லை. பக்தி முற்றி, நானே என் ஸ்கேட்டைக் கெடுத்து வைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. அவரும் சிரித்தார்.

தளத்திலேயே தீட்டும் மெசின் இருந்தது. அங்கிருந்தவர் கத்தியைத் திருப்பிப் பார்த்து, இது கடுகுச் சாந்தா என்று கேட்டார். ஓம், அதுதான் என்று சொல்லிவிட்டேன். விளக்கப் போனால் பயிற்சி நேரம் முடிந்துவிடும். பொறி பறந்தது, துரு போயிற்று.

மறுபடி இறங்கித் தள்ளினேன். கத்தி பனியைக் கவ்விப் பிடிக்கும் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிறகு வேகமாக வந்து, கணவர் நின்ற கண்ணாடித் தடுப்புக்கு நேரே முழுப் பாரத்தையும் இடது காலில் போட்டுச் சட்டென்று நின்றேன். பனித்தூள் கண்ணாடியில் அடித்து வழிந்தது. கால் தாங்கியது.

அவர் அப்போதுதான் ஜாக்கெட் பைக்குள் இருந்து கையை எடுத்தார். காலையில் இருந்து உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்த, கால் நோவுக்குத் தேய்க்கும் நோவெண்ணெய்ப் போத்தல் தெரிந்தது. அதைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் கை தட்டினார்.