மூன்று பூச்சுப் பச்சைக்கு அடியில் ஓர் எண்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பதினொரு கிலோமீற்றர். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு பயணமா என்றிருக்கும். யுத்த காலத்தில், கூரை மடக்கும் பழைய பிரிட்டிஷ் காரில், தமிழனாகப் போனால் பயணம்தான். பழைய கார் வைத்திருப்பவர்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

அந்த ஞாயிறு நான் புறப்பட்டது ரெஜிக்காக. கொட்டாஞ்சேனையில் பெயின்ட் அடிப்பவன். வெள்ளவத்தையில் என் வீட்டுப் பின்வளவில் துருப்பிடித்துக் கிடந்த காரை நான்கு வருடம் என்னோடு சேர்ந்து திருத்தியவன். முதல் ஓட்டம் உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எஞ்சின் உயிர்பெற்றதோ முந்தின நாள் மாலை. ஞாயிறு காலை பத்து மணிக்கு அவன் குடும்பத்தோடு கனடாவுக்குப் புறப்படுகிறான்.

8.15க்குக் கிளம்பினேன். இதன் கூடப்பிறந்த கார்கள் இங்கிலாந்தில் பந்தயம் ஓடியவை. என்னுடையது பம்பலப்பிட்டியில் ஒரு முச்சக்கர வண்டியிடம் தோற்றது.

8.40, கொள்ளுப்பிட்டி சோதனைச் சாவடி. இராணுவச் சிப்பாய் பொனட்டின் தோல் வாரை அவிழ்த்தான். கையில் என் பதிவுப் புத்தகம். "நம்பர் எக்க கோ?" எண் எங்கே என்கிறான் சிங்களத்தில். பொனட்டுக்கு அடியில் சேசிஸ் எண் பொறித்த இடத்தில் கண்ணாடி மாதிரிப் பச்சைப் பெயின்ட். ரெஜி மூன்று பூச்சு அடித்திருந்தான். பக்கத்தில் நின்று "இன்னும் ஒண்டு அடி" என்ற மகாராசன் நான்தான். எண் இல்லாத காரைப் பொலிசுக்கு அனுப்ப வேண்டும் என்றான் சிப்பாய். அனுப்பினால் ரெஜியைப் பார்த்த மாதிரித்தான். இரண்டு ரூபாய் நாணயக் குற்றியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினேன். அழுகையே வந்தது. 9.35க்குக் கடைசி இலக்கம் தெரிந்தது. "ஹரி, யன்ன," என்று போகச் சொன்னான்.

கொட்டாஞ்சேனை, 10.05. வாசலில் நின்ற வான் வண்டியில் பெட்டிகள் ஏற்றியாகிவிட்டது. "டேய், ஓடுதடா!" என்று ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான் ரெஜி.

"இஞ்ச பாருங்கோ, பிளேன் உங்களுக்காக நிக்காது!" என்று கத்தினாள் அவன் மனைவி.

தேவாலயம் வரை போய்த் திரும்பினோம். ஆறு நிமிடம். இறங்கியதும் பொனட்டைத் திறந்தான்.

"ஆரடா சுரண்டினது?"

"நான்தான். ஆமிக்காரன் நம்பர் கேட்டவன்."

பெருவிரலால் தடவினான். "திரும்பி வந்து நான் அடிக்கிறன். வேற ஒருத்தனையும் கை வைக்க விடாத."

"ஓம்," என்றேன். வான் போய்விட்டது.

பழைய காரைத் திருத்துகிறவர்களுக்கு: எண்ணின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். பதிவுப் புத்தகமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். யாரையாவது வழியனுப்பப் போவதென்றால் ஒரு மணி நேரம் முந்திப் புறப்படுங்கள்.

இன்றைக்கும் பொனட்டைத் திறந்து பார்ப்பவர்கள் அந்தச் சுரண்டலைக் கண்டு, நல்ல பெயின்டர் ஒருவரைச் சொல்லட்டுமா என்கிறார்கள். ஆள் இருக்கிறான், வருவான் என்கிறேன்.