கதவு தெரியாத வீட்டுக்காரர்

"நான் கட்டின வீட்டைக் கடவுளே தேடிக்கிட்டு வந்தாலும் கதவைத் தட்ட முடியாது. கதவு எங்கேன்னு தெரிஞ்சாத்தானே தட்டுறதுக்கு?"

பரிசளிப்பு விழாவொன்றில் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒலிபெருக்கி முன்னால் அவர் இப்படிச் சொன்னபோது அரங்கமே கைதட்டியது. கடவுள் தரப்பிலிருந்து யாரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை. அன்றிலிருந்து இது அவருடைய நிரந்தர வாக்கியமாகிவிட்டது. வீடு கட்டித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் தேநீர் ஆறுவதற்குள் இதைச் சொல்லிவிடுவார். பாதிப் பேர் தேநீரைக் குடித்துவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போய்விடுவார்கள். மீதிப் பேருக்கு அவர் வீடு கட்டிக் கொடுப்பார்.

வீட்டை நிலத்துக்குள் ஒளித்து வைப்பதுதான் அவர் தொழில். கொத்தனார்கள் வைத்திருக்கும் பெயர் 'பச்சோந்தி சார்'. அவருக்கு அது தெரியும். தெரிந்து உள்ளூரப் பூரித்துப்போகிறவர். அந்தந்த இடத்து மண்ணில் சுவர், அந்தந்த இடத்துக் கல்லில் அஸ்திவாரம், விழுந்து கிடக்கிற மரத்தில் உத்தரம், கூரை மேல் மண் கொட்டிப் புல். வரைபடத்தில் கோடு இழுப்பதற்கு முன்னால் ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த நிலத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, காற்று எங்கே திரும்புகிறது என்று பார்ப்பார். "நிலம் என்ன சொல்லுதுன்னு மொதல்ல கேக்கணும்" என்பார். நிலம் சொன்னதை வேறு யாரும் கேட்டதில்லை. ஆனால் எந்த ஊர் நிலமாக இருந்தாலும், ஜன்னல் சின்னதாக இருக்கட்டும், வெள்ளையடிக்க வேண்டாம் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறது.

வீட்டு வேலை முடிந்ததும் மற்றவர்கள் உள்ளே போய்ப் பார்ப்பார்கள். இவர் வெளியே போவார். சாலை வரைக்கும் நடந்து, சட்டென்று திரும்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வீட்டைத் தேடுவார். கண்டுபிடித்துவிட்டால் முகம் வாடிவிடும்.

"கண்ணை உறுத்துதே மேஸ்திரி."

"எது சார்?"

"அந்த மூலை."

"மூலைன்னு ஒண்ணு இருந்தாத்தான் சார் அதுக்கு வீடுன்னு பேரு."

மறுநாள் அந்த மூலை மண் அப்பி மழுங்கடிக்கப்படும். பக்கத்தில் ஒரு புதர் நடப்படும். இப்படி மழுங்கடித்தே சலித்துப்போன மேஸ்திரி ஒருமுறை கரணையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "சார், கோவிச்சுக்காம சொல்லுங்க. இதுல ஆளுங்க குடிவந்தா உங்களுக்குப் பரவாயில்லையா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. குடிவந்தவர்கள்தான் அவருக்குப் பெரிய தொல்லை. துணி காயப்போடுவார்கள். கொடியில் தொங்கும் ஒரே ஒரு சிவப்புத் துண்டு அவருடைய இரண்டு வருட உழைப்பைப் பாழாக்கிவிடும். ஒரு வீட்டுக்காரர் கூரைப் புல்லின் மேல் நீல நிறத்தில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை ஏற்றி வைத்தார்; அவருடைய மகள் கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. இன்னொரு வீட்டில், மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று அப்படியே கூரைக்கு நடந்து வந்து, வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடியை உடைத்துக்கொண்டு சமையலறைக்குள் விழுந்தது. வீட்டம்மா தொலைபேசியில் அழுதார். இவருக்கும் கண் கலங்கிவிட்டது, காரணம்தான் வேறு. "ஆட்டுக்கே வித்தியாசம் தெரியலைங்க" என்று அந்த மாதம் முழுவதும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆடு பிழைத்ததா என்று யாரோ கேட்டதற்கு, விசாரிக்கவில்லை என்றார்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் கட்டிய வீடுகளில் கோடையில் மின்விசிறி கூடத் தேவைப்படாது. கூரையில் விழும் மழை ஒரு சொட்டு வீணாகாமல் தொட்டிக்குப் போய்ச் சேரும். அவர் ஒரு மரத்தையும் வெட்டியதில்லை, வீட்டைத்தான் வளைத்திருக்கிறார். நாளைக்கே இடித்துப் போட்டாலும் மண் மண்ணோடு போய்விடும், ஊருக்குக் குப்பை மிச்சமாகாது. இதையெல்லாம் வேறு யாராவது சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார். அவருக்கு வேண்டிய பாராட்டு ஒன்றே ஒன்றுதான்: "வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

அவருடைய சொந்த வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. ஊருக்கு வெளியே மண்சாலை வளைகிற இடத்தில், பாறைகள் நிறைந்த சரிவில் இருக்கிறது அது. வாடிக்கையாளர் என்ற இடைஞ்சல் இல்லாமல் அவர் கட்டிய ஒரே வீடு. கதவின் மேல்கூடச் சுவரில் பூசிய அதே செம்மண் கலவையைப் பூசியிருந்தார். மனைவி கூடத்துக்குப் பெரிய ஜன்னல் கேட்டார். கிடைத்தது, பின்பக்கம்.

அந்த அம்மாள் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பாதி அழிந்த விலாசம், தப்பும் தவறுமான விலாசம், 'பெரிய மரத்துக்குப் பக்கத்து வீடு' என்று மட்டும் எழுதிய விலாசம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து உரியவரிடம் சேர்த்த கெட்டிக்காரி. "நான் வேலையில இருந்திருந்தா நம்ம வீட்டுக்கு வர்ற தபாலையெல்லாம் 'அப்படி ஒரு வீடே இல்லை'ன்னு எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்" என்பார். கணவர் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மழைக்காலத்தில் அந்த வீட்டில் நண்பகலிலும் விளக்குப் போட வேண்டும். சுவர் வியர்க்கும். அலமாரித் துணிகளில் ஒரு பூஞ்சை வாடை ஏறிவிடும். சில வருடங்களாகவே அந்த அம்மாளுக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. போர்வையைப் போர்த்திக்கொண்டு பின்பக்க ஜன்னலருகே உட்கார்ந்திருப்பார். "வயசாச்சு இல்ல" என்பார். "மூச்சை நல்லா இழுத்து விடு, இங்க இருக்கற காத்து எங்கயும் கிடைக்காது" என்பார் இவர்.

போன மழைக்காலத்தில், தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்த ஒரு மதியம், அந்த அம்மாள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கை நெஞ்சில் இருந்தது, இன்னொரு கை அடுப்பு மேடையைப் பிடித்திருந்தது. "ஏங்க..." என்றார். அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

இவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். வண்டி மண்சாலைக்கு வந்ததும் ஓட்டுநர் போனில் கேட்க, வழி சொன்னார்.

"மண் ரோட்டுல வளைவு தாண்டினதும் இடது பக்கம் ஒரு பாறை மாதிரி தெரியும். அது பாறை இல்லீங்க, அதுதான் வீடு."

"இங்க பூரா பாறையா இருக்கே சார், எந்தப் பாறை?"

"புல்லு மொளைச்சிருக்கும்."

"எல்லாத்துலயும் மொளைச்சிருக்கு சார். வீடு என்ன கலரு, அதைச் சொல்லுங்க."

"மண் கலர்" என்றார்.

கூரைக்கு ஏற அந்த வீட்டில் ஏணி தேவையில்லை. பக்கவாட்டுச் சரிவிலிருந்து அப்படியே நடந்து போகலாம். ஓடிப்போய்க் கூரைப் புல்லில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். அவர் எப்போதும் போடுகிற காவிச் சட்டைதான் போட்டிருந்தார். கீழே வண்டி தெரிந்தது, அதன் விளக்கு சுழல்வதும் தெரிந்தது. வண்டி மெதுவாக வந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி இவரைப் பார்த்தார். கையை உயர்த்தி அழகாக ஒருமுறை ஆட்டினார். வண்டி வளைவில் போய் மறைந்தது. பிறகு திரும்பி வந்தது, மறுபடியும் போனது. கடைசியில் இவர் சேற்றில் சறுக்கிக்கொண்டே இறங்கி, சாலை நடுவில் போய் நின்று மறித்தார்.

உயிர் போகவில்லை. ஆனால் முழுதாகவும் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓட்டுநர் அவர் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனிதர், இரண்டு தேநீர் வாங்கி வந்திருந்தார்.

"உங்களை நான் மொதல்லயே பாத்துட்டேன் சார். மேட்டுல நின்னு கையாட்டினீங்க. யாரோ ஆடு மேய்க்கிறவரு, சும்மா ஒரு மரியாதைக்குக் கையாட்டுறாருன்னு நானும் ஆட்டிட்டுப் போனேன். அது வீட்டுக் கூரைன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் தொழிலுக்கு வந்து சேர்ந்த பாராட்டுகளிலேயே பெரியது இதுதான். இதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மருத்துவர் சுருக்கமாகப் பேசுகிறவர். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இதயத்துக்கு இவ்வளவு சேதம் ஆகியிருக்காது. இன்னொரு தடவை வலி வந்தா, இந்தத் தடவை கிடைச்ச நேரம் கிடைக்காது. பாத்துக்குங்க." மனைவியின் தம்பி சுவரில் சாய்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மருத்துவர் போனதும் வந்தார்.

"மாமா, அக்காவை நான் கூட்டிட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வர்றேன், துணிமணியை எடுத்து வைக்கச் சொல்லுங்க. என் வீடு தீப்பெட்டி மாதிரிதான் இருக்கும், உங்களுக்குப் பிடிக்காது. ஆனா கண்ணுக்குத் தெரியும்."

வீட்டுக்கு வந்த அந்த அம்மாள் கட்டிலில் உட்கார்ந்தபடியே புடவைகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார். ஒன்றை மடிப்பார், ஓய்வெடுப்பார், அடுத்ததை எடுப்பார். உதட்டோரம் இன்னும் நீலமாகவே இருந்தது. இவர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு யோசனை சொன்னார். அவருக்கு யோசனைக்கா பஞ்சம்.

"ரோட்டுலேருந்து பாதை நெடுக வெள்ளைக் கூழாங்கல் பதிச்சுட்டா?"

"மழை வந்தா அடிச்சிட்டுப் போயிடும். போன தடவை படிக்கட்டே போச்சு."

"வாசல்ல வெளிச்சம் வெக்கலாம். ஆனா பூச்சிங்களுக்குத் தொந்தரவு..."

அந்த அம்மாள் இன்னொரு புடவையை மடித்தார். பூச்சிகளின் சார்பில் பேசி முடித்துவிட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் பழைய ஒளி வந்திருந்தது.

"இரு, இரு. வாசல் ரெண்டு பக்கமும் மஞ்சப் பூ பூக்கற செடியா நட்டுட்டா? கொத்துக் கொத்தாப் பூக்கும். வளைவு திரும்பும்போதே தெரியும். நிலத்தோடயும் ஒட்டிப் போகும்."

"எப்பப் பூக்கும்?"

"மழை விட்டதும் பூக்க ஆரம்பிச்சா மூணு மாசம்..."

"அப்ப மீதி மாசத்துல எனக்கு நெஞ்சு வலிக்கக் கூடாது. அப்படித்தானே?"

கோபமாகக் கேட்கவில்லை. தபால் நிலைய ஜன்னலில் உட்கார்ந்து, கடைசித் தபால் போகும் நேரத்தைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிற குரலில்தான் அந்த அம்மாள் கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த புடவையை எடுத்தார்.

மறுநாள் காலை அவர் டவுனுக்குப் போனார். பெயிண்ட் கடை வாசலில் செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு கணம் தயங்கினார். உள்ளே போய்ப் பழக்கமில்லை. கடைக்காரர் வண்ண அட்டையை விரித்தார். செம்மண்ணில் முப்பது வகையைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிச் சொல்லக்கூடிய மனிதர், அட்டையை வாங்கிப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"ரொம்பத் தூரத்துல இருந்து பாத்தாலும் நல்லாத் தெரியறது எது?"

"எதுக்கு சார்? கடையா, பெட்ரோல் பங்க்கா?"

"வீட்டுக்கு."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுக்குன்னா யாரும் இதை வாங்க மாட்டாங்க. ஆனா நீங்க கேக்கறது இந்த ஆரஞ்சுதான். கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும்."

தூறல் அன்று கொஞ்சம் விட்டிருந்தது. கதவின் செம்மண் பூச்சு ஈரமாக இருந்ததால் பழைய துண்டால் துடைத்து, வெகுநேரம் விசிறிக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவைத் திறந்து, குச்சியால் கலக்கி, மேல் மூலையிலிருந்து ஆரம்பித்தார். பிரஷ் பிடிக்கத் தெரியவில்லை. பெயிண்ட் முழங்கை வரைக்கும் வழிந்தது. சத்தம் கேட்டு அந்த அம்மாள் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்து, ஒரு கல்லில் உட்கார்ந்தார். மூச்சு சமனாகிற வரைக்கும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்றாவியா இருக்குங்க."

"தெரியுதா?"

அந்த அம்மாள் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஈரத்துல தெரியுது. காஞ்ச இடத்துல மண்ணு குடிச்சிருச்சு. மேல பாருங்க, பழைய கலரே வருது."

அவர் இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். மேல் மூலை ஆரஞ்சை உறிஞ்சிக்கொண்டு, மெல்லப் பாறையாகிக்கொண்டிருந்தது. இத்தனை காலம் அவர் தேடித் தேடிக் குழைத்த நிறம். ஒரு கணம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பிரஷை டப்பாவின் அடிவரைக்கும் அழுத்தித் தோய்த்து, வழிய வழிய எடுத்து, அதே மூலையில் இரண்டாவது பூச்சை ஆரம்பித்தார்.