பத்து விரலும் பழைய பேப்பரும்

"மாப்ளே, கையக் கொஞ்சம் நீட்டுங்க."

மரத்தில் பள்ளம் எடுக்கிற ரவுட்டர் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக எதிரே நின்றவர், எனக்குப் பேசியிருந்த பெண் தெய்வானையின் தாய்மாமன். கோவிந்தாபுரத்திலிருந்து பஸ் ஏறி, பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்த்த மரப்பட்டறைக்கே வந்துவிட்டார். கையை நீட்டினேன். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்தும் இருக்குதுங்க. தை மாசத்துல வெச்சுக்கலாம்" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எழுபதுகளில் எங்கள் பக்கம் மர மெஷினில் நிற்கிறவனுக்குப் பெண் கொடுப்பதென்றால், தோட்டம் துரவு விசாரிப்பதற்கு முன்னால் விரலைத்தான் பார்ப்பார்கள். பக்கத்து மெஷின்காரர் நாச்சிமுத்தண்ணனுக்கு வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். டீ கிளாஸை இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பார்.

தெய்வானை எங்கள் பட்டறையிலேயே உப்புத்தாள் தேய்க்கிற பெண்களில் ஒருத்தி. நிச்சயம் ஆன மறுநாளே என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். எங்கள் வழக்கம் அப்படி. ஆனால் வாய் சும்மா இருக்குமா? எனக்குச் சொல்ல வேண்டியதை நாச்சிமுத்தண்ணனைப் பார்த்துச் சொல்வாள்.

"ஏனுங்கண்ணா, மாமன் வெரல எண்ணிப் பாத்துட்டுப் போயிட்டாரு. தை வரைக்கும் பத்தும் இருக்குமுங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கையில புடிச்சு ஓட்டறவனுக்குத்தான் தொழில் தெரியும்னு சொல்லுங்கண்ணா" என்றேன், நானும் அவரைப் பார்த்தே.

தெறித்த துண்டு

அப்போது ஓடிக்கொண்டிருந்தது பெல் சுவிட்ச் கட்டை. மூணாறுப் பக்கத்து எஸ்டேட் பங்களாக்களுக்கான ஆர்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய தேக்குத் துண்டு, அதன் முதுகில் வயர் போவதற்கு ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம். நீளமான மரமாக இருந்தால் ஒரே ஓட்டில் காடி எடுத்துவிட்டுப் பிறகு அறுத்துக்கொள்ளலாம். எங்கள் முதலாளி சாமர்த்தியசாலி, மரமில்லில் கழித்த துண்டுகளையே வாங்கி வந்து கொட்டுவார். ஒவ்வொன்றையும் விரல் நுனியால் அமுக்கிக் கட்டருக்கு மேலே தள்ளவேண்டும். கட்டர் மேஜைக்கு நடுவே மூக்கை நீட்டிச் சுற்றிக்கொண்டிருக்கும். துண்டு கொஞ்சம் ஆடினாலும் போச்சு.

ஒருநாள் ஆடியது. மரத்தில் ஒரு கணு இருந்திருக்கிறது. படாரென்று சத்தம், துண்டு தெறித்துத் தகரச் சுவரில் மோதியது. கையைப் பார்த்தேன். இடது கட்டைவிரல் நகத்தில் பாதி இல்லை, ரத்தம் கொட்டுகிறது. விரல் இருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன்.

தெய்வானை ஓடி வந்து தன் முந்தானையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினாள். பிறகு எழுந்து அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பனுக்குக் களத்துல கதிரடிக்கிற மெஷின்ல கை போச்சுங்கண்ணா. சாகற வரைக்கும் எங்கம்மா ஊட்டித்தான் உட்டுது. என்னால முடியாதுங்க. கல்யாணம் வேண்டாம்னு மாமங்கிட்டச் சொல்லிப்போடறேன்."

அதில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன்.

போண்டா மடித்த பேப்பர்

கட்டு அவிழ்த்துத் திரும்பி வந்த அன்று, மெஷின் பக்கம் போக மனசில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து போண்டா தின்றேன். அடுப்பில் வச்சிரம் காய்ந்துகொண்டிருந்தது. மர ஒட்டு வேலைக்கு அப்போதெல்லாம் அந்தப் பசைதான். போண்டா மடித்து வந்த பேப்பர் பெஞ்சில் கிடந்தது. எண்ணெய் படாத அதன் மூலையில் கொஞ்சம் பசை சிந்தி அடிவரை ஊறியிருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. மேலே ஒரு தேக்குத் துண்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் துண்டு வரவில்லை. இழுத்தேன், சுத்தியால் தட்டினேன், ம்ஹூம். பெஞ்சே ஆடியது, துண்டு அசையவில்லை. உளியை இடுக்கில் வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் டப்பென்று வந்தது. பேப்பர் இரண்டாகப் பிளந்து பாதி பெஞ்சில், பாதி துண்டில். மரத்தில் ஒரு கீறல் இல்லை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு நீளப் பலகை, மேலே பேப்பர், பேப்பருக்கு இரு பக்கமும் வச்சிரம், அதன்மேல் வரிசையாகத் துண்டுகள். காய்ந்ததும் கவிழ்த்துப் பலகையின் இரு முனையையும் பிடித்து ஓட்டினால் விரல் எங்கே, கட்டர் எங்கே!

முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. பாலக்காட்டு மலையாளி அவர், தமிழும் கலந்து பேசுவார்.

"எடோ பழனிச்சாமி, ஒட்டி வெச்சு காயற வரைக்கும் நோக்கியிருந்தா லோடு எப்படிப் போகும்? பின்னெ அந்தப் பேப்பரு? அத ஆரு சுரண்டறது?"

அவர் சொன்னதும் நியாயம்தான். ஒவ்வொரு துண்டிலும் பசையும் பேப்பரும் ஒட்டியிருக்கும். அதைத் தேய்த்து எடுப்பது இரட்டை வேலை, அதுவும் என் வேலையில்லை.

பின்னாலிருந்து குரல் வந்தது. "நாங்க எடுக்கறமுங்க."

தெய்வானை. கையில் உப்புத்தாளோடு எழுந்து நின்றாள். "சாயங்காலம் போறப்ப நாங்களே ஒட்டி வெச்சுட்டுப் போறமுங்க மொதலாளி. காலைல காஞ்சிருக்கும். பேப்பர நான் தேய்ச்சுக்கறேன்."

"கூலி கூடுதல் கேக்கக் கூடாதுடீ."

"கேக்கலீங்க."

அன்றிலிருந்து தை வரை, சுடுதண்ணீரில் துணியை முக்கி ஒவ்வொரு துண்டாகத் துடைத்து, உலர்த்தி, தேய்த்தாள். லோடு தவறவில்லை. கல்யாணம் வேண்டாமென்று மாமனிடம் அவள் சொல்லவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு விதவிதமான கிளாம்பும் டேப்பும் வந்துவிட்டன. எதை வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள். துண்டு சின்னதென்றால் மட்டும் பெரிய பலகையோடு சேர்த்துவிட்டுத்தான் மெஷினை ஓடவிடுங்கள். அவசரப்படுத்துகிறவருக்கு உங்கள் விரல் கணக்கில்லை, வீட்டில் இருப்பவளுக்குத்தான் கணக்கு.

கல்யாணத்தன்று கைகோர்க்கிற சீர். மாமன்தான் அவள் கையை என் கையில் வைத்தார். உள்ளங்கையில் சொரசொரவென்று பட்டது. விரல் நுனியெல்லாம் தோல் தேய்ந்து, வெந்நீரில் வெந்து சிவந்திருந்தது. எத்தனை துண்டு தேய்த்தாளோ! அவளோ தலை நிமிராமல் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். பாதி நகம் போன கட்டைவிரலில் வந்து நிறுத்தினாள். நிச்சயத்துக்குப் பிறகு முதல்முறையாக, நடுவில் யாரும் இல்லாமல், என்னிடமே கேட்டாள்.

"இன்னும் வலிக்குதுங்களா?"